பூண்டி மாமனுக்கு ஒரு பத்திரிகை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ டாக்காவிலிருந்து பேசியபோது ஒன்று கேட்டாய். "கல்யாணத்துல தங்கச்சி நிக்க வேண்டிய இணைச்சீருக்கு நான் நிக்கறேன்னு கோமதி அக்கா சொல்லியும் அம்மா ஏனுங்கப்பா வேண்டாங்குது?" என்றாய். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "நீ வா சாமி, பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரில் பேசினாலும் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் செய்தி எழுதியே வயதானவன் நான். வாயில் வராதது எழுதினால் வரும். நீ முகூர்த்தத்துக்கு முந்திய வாரம்தான் விமானம் ஏறுவாய். அதற்குள் இதைப் படித்துவிடு. உன் தங்கை இறந்த அன்று காலையில் நடந்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அது தெரியாமல் நீ மணையில் உட்காரக் கூடாது.

உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள். அண்ணன் முறையில் இருந்த ஒருவரும் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பேச்சு நின்றுபோய், எதிரில் வந்தால் வரப்பு மாறி நடக்கிறவர். பேச்சை நிறுத்தினால் எப்படி நிறுத்துவது என்பதை உன் அம்மா அந்தக் குடும்பத்தில்தான் கற்றிருக்க வேண்டும். உனக்குக் காது குத்த நாள் பார்த்தபோது தாய்மாமன் மடிக்கு ஆள் இல்லை. என் அண்ணன், உன் பெரியப்பா, "ஒறமொறையில யாரையாச்சும் மாமனா உக்கார வெச்சுக்கலாம்" என்றார். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் பூண்டியில இருக்கறாருங்க" என்றாள். யாருக்கும் புரியவில்லை. அவிநாசி போகும் வழியில் இருக்கும் திருமுருகன்பூண்டிக் கோயிலின் சிவனைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததும் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சீர் செய்ய வசதியான மாமன்தான். புலித்தோலு, பாம்பு, சாம்பலு" என்றார். உன் அம்மாவும் சிரித்தாள். ஆனால் போய்க் குருக்களிடம் கேட்டுவிட்டாள். அவர் என்ன நினைத்தாரோ, சாமிக்குச் சாத்திய வேட்டி ஒன்றை மடித்துக் கொடுத்தார். அதை மணைமேல் விரித்து, அதன்மேல் உன்னை உட்கார வைத்துக் காது குத்தினோம். நீ ஊரே கேட்க அழுதாய். உன் தங்கை கீர்த்தனாவுக்கும் அப்படியே. அவள் பெரிய பெண்ணானபோது மாமன் சீராக அம்மன் கட்டிய சேலை வந்தது. தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் உன் அம்மா ஒரு தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு "அண்ணனூட்டுக்குப் போயிட்டு வந்தறேன்" என்று பஸ் ஏறுவாள். உங்கள் இருவருக்கும் அது விளையாட்டாக இருந்தது. எனக்கும்தான். அவளுக்கு அது விளையாட்டு இல்லை என்பதை நான் மெதுவாகவே புரிந்துகொண்டேன்.

அந்தக் கோயிலின் கதையை நீ சின்ன வயதில் வேடுபறித் திருவிழாவில் பார்த்திருக்கிறாய். சிவனைத் தோழனாகவே பெற்ற அடியார் ஒருவர், சேர மன்னன் கொடுத்த பொன்னும் பட்டும் மூட்டையாகச் சுமந்து ஆட்களோடு அந்த வழியே வருகிறார். வேடர்கள் வந்து அடித்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வந்தவர்கள் வேடர்கள் இல்லை, சிவன் அனுப்பிய பூதங்கள். என் தோழனுக்கு வேறொருவன் கொடுப்பதா, நானல்லவா கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாம். அடியார் அழவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய், கண்டவனும் வழிப்பறி செய்கிற இந்த ஊரில் நீ எதற்காகக் குடியிருக்கிறாய் என்று வைகிறார். வசவைக் கேட்டு மகிழ்ந்து சிவன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கிறார். நான் இதை ஒவ்வொரு வருடமும் செய்தியாக எழுதினேன். வந்திருந்த பிரமுகர்களின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். உன் அம்மா அதைச் செய்தியாகப் படிக்கவில்லை. பூண்டி அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். வேண்டியவர்களிடம்தான் பிடுங்குவார், உரிமையோடு வைதால் கொடுத்துவிடுவார். வேலம்பாளையத்தில் நாம் குடியிருந்த வாடகை வீட்டைத் திடீரெனக் காலி செய்யச் சொன்னபோதும், நீ பிளஸ் டூவில் கணக்கில் தவறியபோதும் அவள் போய் வைதுவிட்டு வந்தாள். வேறு வீடு கிடைத்தது. மறு தேர்வில் நீ தேறினாய். "கேக்கற மாதிரி கேட்டா குடுத்துருவாருங்க" என்பாள். சாமியிடம் பயமில்லாமல் பேசுகிற ஒருத்தியை வீட்டில் வைத்திருப்பது ஒரு பெரிய தைரியம். நான் நம்பிக்கை உள்ளவனா இல்லாதவனா என்று என்னையே கேட்டுப் பார்த்ததில்லை. அவள் நம்பினாள், அதன் நிழலில் நான் இருந்துகொண்டேன்.

உன் தங்கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்த பிறகு அவள் கையில் எந்தத் துணி கிடைத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். உன் சட்டையில் பிசிறு நூல் தெரிந்தால் சாப்பிடும்போதே பின்னால் வந்து கத்தரிப்பாள். "அண்ணா, இந்த பீஸ் ரிஜெக்ட்" என்று உன் முதுகில் தட்டுவாள். ஒருமுறை பூண்டியில் தீபாராதனை நடக்கும்போதே குருக்களிடம், "சாமி, மாமனுக்குக் கட்டீருக்கற வேட்டியில ஓரம் பிரிஞ்சிருக்குதுங்க, பாத்து வாங்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தட்டைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். பிரிந்துதான் இருந்தது. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஊசியும் நூலும் கொண்டுபோய், மாற்றிவைத்த அந்த வேட்டியை வாங்கி, பிராகாரத்தில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தாள். அந்த வேட்டியை நினைவில் வைத்துக்கொள்.

முந்தின வருடம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உன்னிடம் போனில் "சும்மா காய்ச்சல்தான்" என்று அவளே சொன்னாள். அந்த நாட்களில் உன் அம்மா காலையில் பூண்டிக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். முகத்தில் கவலை இருக்காது. "நல்லா வெச்சுப் பேசிப்போட்டு வந்துட்டனுங்க. எம்பட புள்ளையப் புடுங்கி வெளையாடறதுக்கு உனக்கு வேற ஊடே கெடைக்கலையா, வெச்சுட்டுப் போன்னு சொல்லிட்டேன்" என்றாள். கட்டிலில் கிடந்த கீர்த்தனா, "மாமனை ரொம்ப வையாதம்மா, கோவிச்சுக்குவாரு" என்றாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தும் இறங்கித்தான் இருந்தது. உன் அம்மா கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து வார்டில் இருந்த எல்லோருக்கும், கேட்காதவர்களுக்கும், பூசிவிட்டாள். கீழே கடைக்குப் போய் கல்கண்டு வாங்கி வந்து கொடுத்தாள். அந்த வார்டே சிரித்தது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் இந்த டெங்குவில் மோசமான நேரம் என்று டாக்டர் மறுநாள் எனக்குச் சொன்னார். அதற்குள் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு நடந்தவை உனக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தாயிற்று. பெரியப்பா வீட்டார் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். நம் பக்கத்தில் அம்மா பிறந்த வீட்டுக் கோடியும் விழ வேண்டும். மாமன் கொண்டுவருகிற துணி. உன் அம்மா அதுவரை அழுது களைத்துத் தூணில் சாய்ந்திருந்தவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, எங்கண்ணனுக்குச் சேதி சொல்லீட்டீங்களா?" என்றாள். கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தெளிவாகவே பேசினாள். "காது குத்துக்கு வேட்டி குடுத்தாரு. சீருக்குச் சேலை குடுத்தாரு. இதுக்கும் குடுப்பாரு. புள்ளை ஓரமடிச்ச வேட்டி அங்கதான் இருக்குது. போய் வாங்கிட்டு வாங்க. கோடி விழுகாம எம் புள்ளைய எடுக்க உடமாட்டேன்." நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

பூண்டியில் கோயிலுக்குள் நான் போகவில்லை, துக்க வீட்டுக்காரன் போகக் கூடாது. வெளியே நின்று ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். குருக்கள் வாசல்வரை வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "வேட்டியில ஓரம் பிரிஞ்சிருக்குன்னு சொன்ன குழந்தையா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அந்த வேட்டியைத்தான் கேட்டு வந்தேன் என்றேன். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சன்னிதியிலேர்ந்து தீட்டு வீட்டுக்கு ஒரு பூகூடப் போகக் கூடாது சார். அது நான் வெச்ச சட்டமில்லை. என்னால முடிஞ்சா நான் இப்படி நிப்பேனா?" என்றார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. தன் வேலையின் எல்லைக்குள் நின்று அழுத மனிதர் அவர். திரும்பும் வழியில் ஒரு ஜவுளிக்கடை திறந்திருந்தது. ஒரு வெள்ளை வேட்டி வாங்கி, பூண்டியில் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். வண்டியை நிறுத்தி, அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீர்த்தனா எல்லாத் துணியையும் திருப்பிப் பார்க்கிறவள் என்ற நினைப்பு வந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வெறுங்கையோடு உள்ளே வந்த என்னை உன் அம்மா பார்த்தாள். காரணத்தைச் சொன்னேன். "தீட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, வழக்கு உரைப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்: "நல்லதுக்கெல்லாம் அண்ணன். கெட்டதுக்குத் தீட்டு. எழவு உழுந்த ஊட்டுக்கு அவரும் வரமாட்டாரு, அவரூட்டுக்கு நானும் போகக் கூடாது. இது என்னங்க ஒறவு?" "எடுத்துட்டுப் போங்க" என்றாள். தாய்மாமன் கோடி விழாமலேதான் உன் தங்கையை எடுத்தோம்.

அன்றோடு பேச்சு நின்றது. தீட்டு கழிந்த பிறகும் அவள் பூண்டிப் பக்கம் போகவில்லை. அவிநாசிக்கு ஏதாவது விசேஷத்துக்குப் போனால் பஸ்ஸில் கோயில் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் உட்காரமாட்டாள். இடம் அந்தப் பக்கம்தான் கிடைத்தால் நின்றுகொண்டே வருவாள். மற்ற சாமிகளோடு அவளுக்குச் சண்டை இல்லை. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கு மோர் கொடுப்பாள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பாள். அவர்களெல்லாம் சாமிகள். இவர் சொந்தக்காரர். சாமி ஒன்று செய்யாவிட்டால் மனிதர்கள் விதி என்று சொல்லிக்கொள்வார்கள். சொந்தக்காரன் செய்யாவிட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிவதில்லை.

போன மாதம் உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கி வைத்தாள். எப்போதும் முதல் பத்திரிகை பூண்டிக்குத்தான் போக வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "எழவுக்கு வராதவனுக்குக் கல்யாணப் பத்திரிகை எதுக்குங்க?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் பெரியப்பாவும் அவர் மகள் கோமதியும் வந்தார்கள். தாலிக்கு முன்பு மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் நின்று செய்ய வேண்டிய சீர், அவள் இல்லாவிட்டால் பெரியப்பா பெண் நிற்கலாம், இது ஊர் அறிந்தது. கோமதி உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நிக்கறேன் சித்தி. அவ எடத்துல இல்ல, எம்பட எடத்துல" என்றாள். நல்ல பெண். உன் அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, "வேண்டாங் கண்ணு. அங்க நிக்கறதுக்கு ஆள் சொல்லணும்" என்றாள். யார் என்று பெரியப்பா கேட்டதும் காபி போட எழுந்து போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து, "பூண்டிக்கு வண்டி எடுங்க" என்றாள். கையில் ஒரே ஒரு பத்திரிகை இருந்தது.

அந்த நேரத்தில் கோயிலில் கூட்டமில்லை. உனக்குத் தெரியும், அங்கே மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து தங்க வைத்துச் சுற்றிவரச் செய்வார்கள். ஒரு தாய் தன் வயதுவந்த மகளின் கையைத் துணியால் தன் கையோடு கட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் நின்ற நேரத்தில் அவர்கள் பலமுறை எங்களைக் கடந்துபோனார்கள். குருக்கள் உன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உள்ளே வாங்கோம்மா. எத்தனை நாளாச்சு" என்றார். "உள்ள வல்லீங்க. கூப்பிடத்தான் வந்தேன். இதை உங்க ஊட்டுக்காரர்கிட்டக் குடுத்துருங்க" என்று பத்திரிகையை நீட்டினாள். சாமி பாதத்தில் வைத்துத் திருப்பித் தரட்டுமா என்று அவர் கேட்டார். "திருப்பி எதுக்குங்க? அவருக்குத்தானுங்க அது" என்றாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக, உள்ளே விளக்குத் தெரிந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள். பூண்டி அண்ணனை அவள் எப்போதும் நீ என்றுதான் பேசுவாள். அன்று அண்ணா என்றும் கூப்பிடவில்லை, நீ என்றும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு பேசினாள்.

"ஏனுங்க, பையனுக்குக் கல்யாணமுங்க. பத்திரிகை குடுத்திருக்கறனுங்க. எழவுக்கு நீங்க வல்லீங்க. அதைப் பேச நான் இப்ப வல்லீங்க. பெத்தவ வந்து சேர முடியாத ஒரு புள்ளைக்கு நீங்களே ஆத்தாளாட்ட வந்து பிரசவம் பார்த்தீங்கன்னு சொல்றாங்க. கூட்டாளிக்காகத் தெருத்தெருவாத் தூது நடந்தீங்கன்னு சொல்றாங்க. நான் பார்க்கலீங்க. எம்பட பொண்ணு நிக்க வேண்டிய எடம் ஒண்ணு காலியாக் கெடக்குதுங்க. வந்து நில்லுங்க. வேற யாரையும் நான் அங்க நிக்க உடமாட்டேனுங்க. அவ்வளவுதானுங்க."

குருக்கள் உள்ளே ஓடிப்போய்ப் பூவும் குங்குமமும் கொண்டுவந்தார். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வண்டியில் வரும்போது, பூண்டிச் சிற்பிகளின் பட்டறைகள் இருக்கும் இடத்தில், இன்னும் முகம் செதுக்காத சிலைகள் சாலையோரம் வரிசையாக நிற்குமே, அங்கே பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "ஏனுங்க, வருவாருங்களா?" அவள் அவரைத் தலைகுனிய வைக்கத்தான் அப்படிப் பேசினாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கல் அறுக்கும் எந்திரச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன். இன்னொரு முறை கேட்டாள். "தெரியலையே" என்றேன். அதன் பிறகு வீடு வரும்வரை என் தோளைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் இறுகியிருந்தது.

இணைச்சீர்க்காரிக்குக் கொடுக்கும் சேலையைப் போன வாரம் எடுத்துவிட்டாள். பச்சை உடல், அரக்கு ஓரம். அதற்கு ரவிக்கையும் தைக்கக் கொடுத்திருக்கிறாள். தையற்காரப் பெண் யாருக்கு என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா பீரோவிலிருந்து கீர்த்தனாவின் ரவிக்கை ஒன்றை எடுத்துப்போய் அளவுக்குக் கொடுத்தாளாம். அந்தப் பெண் என்னிடம் வந்து கவலையோடு சொன்னாள். அன்றிலிருந்து எனக்குக் கையைத் துணியால் கட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றிய அந்தத் தாயும் மகளும் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் உன் அம்மா கலங்கியிருக்கவில்லை, கண்ணு. சமையலில் உப்பு சரியாக இருக்கிறது. பந்திக்கு எத்தனை இலை என்பதில் என்னைவிடத் தெளிவாக இருக்கிறாள். எதிர்பார்ப்பதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

பெண் வீட்டில் நான் மறைக்கவில்லை. பொங்கலூருக்கு நேரில் போய்ச் சொன்னேன். உன் மாமனார் வெகுநேரம் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க சம்பந்தி, சீர்ல எடத்தைச் சும்மா உட்டா ஆகுங்களா? நாளைக்கு நாலு பேரு நாலு சொல்லுவாங்க" என்றார். உள்ளேயிருந்து நந்தினிதான் வெளியே வந்தாள். "அத்தை சொல்றபடியே இருக்கட்டுங்க மாமா. அதுக்காக நான் எந்திரிச்சு ஓடியிரமாட்டேனுங்க" என்றாள். அவள் அப்பா அவளை முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். இந்த மாதங்களில் என் மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது அந்த ஒரு நேரம்தான். அவளை நீ நன்றாக வைத்துக்கொள். உனக்குத் துணையாக இருக்கிறேன் என்று அவளிடம் பெரிதாக எதுவும் சொல்லாதே. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இரு. அவள் வீட்டில் துக்கம் என்றால் முதல் வண்டி பிடித்துப் போ. எந்த விதி தடுத்தாலும் போ. உன் தங்கைக்கு நீ பிந்தித்தான் வந்தாய், அதை நினைத்து நீ இன்னும் தூங்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். விமான நிலையத்திலிருந்து கசங்கிய சட்டையோடு நீ உள்ளே நுழைந்தபோது உன் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னதை இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். "எம் பையன் வந்துட்டான் பாரு" என்றாள். பிந்தி வந்தாய் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வந்தவர்கள் மேல் அவளுக்கு வழக்கே இல்லை.

நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்பாய். அடியார் பறிகொடுத்த அந்தக் காட்டுவழியில் அவர் ஒருவர் மட்டும் நடந்திருக்க முடியாது. உப்பு மூட்டை கொண்டுபோனவர்கள், மாடு ஓட்டிப் போனவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பலகாரம் சுமந்தவர்கள் எல்லாம் போயிருப்பார்கள். அவர்களிடமும் யாராவது பிடுங்கியிருப்பார்கள். அவர்களும் அதே வாசலில் நின்று வைதிருப்பார்கள். திரும்பக் கிடைக்காமல் வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கதை இல்லை, திருவிழா இல்லை. நானும் எழுதவில்லை. தோழன் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அருள் இருக்கிறது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடவில்லை. நம் வீட்டு வாசல்வரை அது வந்து நிற்கவில்லை என்பதை மட்டும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. எப்படி வர முடியும்? எந்த வடிவில் வந்தால் உன் அம்மா ஒத்துக்கொள்வாள்? அந்த ரவிக்கை ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தும்.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். சடங்கு நடத்தும் அருமைக்காரரிடம் பேசிவிட்டேன். வயதானவர், தன் மகளை இழந்தவர், மறுபேச்சுப் பேசவில்லை. மணைக்கு அருகில் பேழைக் கூடையில் அந்தப் பச்சைச் சேலை இருக்கும். அதன் ஒரு முனையை எடுத்து உன் கையில் கொடுப்பார். மறுமுனையைப் பிடிக்க இணைச்சீர்க்காரியைக் கூப்பிடுவார். வழக்கமான குரலில்தான் கூப்பிடுவார். யாரும் எழுந்து வரமாட்டார்கள். கோமதி அழுவாள், பெரியப்பா அவளைப் பிடித்துக்கொள்வார். கூட்டத்தில் முணுமுணுப்பு வரும். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்ப்பார், நான் கையைக் காட்டி நிறுத்தி வைப்பேன். அந்த நேரத்தில் நீ மறுமுனையைப் பார்க்காதே. என்னைப் பார்க்காதே. வாசலையும் பார்க்காதே, வாசலை உன் அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டாயம் பார்த்துக்கொண்டிருப்பாள், மண்டபத்தில் அவள் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டபோது வாசல் நேராகத் தெரிகிற இடத்தைத்தான் கேட்டாள். நல்ல நேரம் போகிறது என்று யாராவது சொல்வார்கள், போகட்டும். அருமைக்காரர் குனிந்து, போதும் தம்பி, வெச்சுரு என்று உன் காதில் சொல்லலாம். அவருக்காகவும் வைத்துவிடாதே. உன் அம்மா வாசலிலிருந்து கண்ணை எடுக்கும்வரை உன் கையில் இருக்கிற முனையை விட்டுவிடாதே.

அப்பா